அன்னூரில் விலைபோகாத பெட்டி

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் அன்னூரில் நாலு பேர், "ஓ, அந்த சிலோன்காரம்மாவா!" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை ஒருமுறை கேட்டுவிட்டேன். இன்னொரு முறை கேட்டால் வாய் சும்மா இருக்காது. வாய் சும்மா இல்லாததற்கு ஏற்கெனவே நிறைய அனுபவித்தாயிற்று.

தொண்ணூறுகளின் தொடக்கம். அவிநாசி போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு எலக்ட்ரிகல் கடை இருந்தது. வீட்டுக்காரர் வயரிங் வேலைக்கு வெளியே போய்விடுவார். கல்லாவில் நான் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் கோயமுத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் நேராக எங்கள் கடைக்கு வந்தார். நாற்பதை நெருங்குகிற வயது. காட்டன் சேலை, காதில் சின்னத் தோடு, கைப்பையில் இருந்து எட்டிப் பார்க்கும் டெஸ்டர். கூடைக்குள் நாலைந்து தகரப் பெட்டிகள், அவற்றின்மேல் செய்தித்தாளில் அட்டை போட்ட தடித்த இங்கிலீஷ் புத்தகம்.

"தங்கச்சி, இந்தப் பெட்டி மோட்டார எரிய விடாது. ஓட்டிக் காட்டட்டுமா?" என்றார்.

அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் வியாபாரம் பேச வருகிறவர் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார், உங்கள் பக்கம் மழை உண்டா என்று கேட்பார், யாருக்கு யார் என்ன முறை என்று எப்படியாவது ஒரு சொந்தத்தைத் தோண்டி எடுப்பார், எழுந்து செருப்பு மாட்டும்போதுதான் வந்த விஷயத்தைச் சொல்வார். இவருக்கு அந்த நெளிவு சுளிவு ஒன்றுமே தெரியவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் போர்க் கிணற்றில் தண்ணீர் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் தீர்ந்தது தெரியாமல் மோட்டார் வெறுமனே சுற்றினால் எரிந்துபோகும். கரண்டில் மூன்று பேஸ் வரவேண்டிய இடத்தில் ஒன்று போய்விட்டாலும் எரிந்துபோகும். எரிந்தால் போருக்குள்ளிருந்து குழாய் குழாயாகத் தூக்கி, மோட்டாரை, கருகிய கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதுக் காயில் கட்டுகிற கடைக்குக் கொண்டுபோய், கடைக்காரர் கட்டித் தருகிறவரைக்கும் தோட்டம் காய வேண்டும். இவர் கொண்டுவந்த பெட்டி இந்த இரண்டு சமயத்திலும் மோட்டாரைத் தானாக நிறுத்திவிடும். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று தோட்டத்துக்கே போய், ஓடுகிற மோட்டாரில் தன் கையாலேயே ஒரு பேஸின் பீஸ் கட்டையைப் பிடுங்கிக் காட்டுவார். அடுத்த நொடி மோட்டார் நின்றுவிடும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், "அட, ஆமாங்க!" என்பார்கள். என்பார்களே தவிர வாங்க மாட்டார்கள்.

அவருடைய கதையை அவர் ஒருநாளும் வரிசையாகச் சொன்னதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது துண்டு துண்டாக வரும். அப்பா சிலோனில் தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீசியன். தாத்தா இந்த மண்ணிலிருந்து கூலிக்கு அங்கே போனவர். அங்கே இருந்தவரை 'இந்தியாக்காரர்கள்'. இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு அனுப்பிவைத்தபின் இங்கே 'சிலோன்காரர்கள்'. சின்னப் பெண்ணாகக் கப்பலில் வந்து, கோத்தகிரியில் வளர்ந்து, கோயமுத்தூரில் டிப்ளமோ முடித்து, ஒரு மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங்கில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு அங்கேயே கணபதிப் பகுதியில் ஒரு தகர ஷெட்டில் இந்தப் பெட்டியைச் செய்ய ஆரம்பித்தார். இந்த நாட்டுக் குடியுரிமை கையில் இருந்தது. இருந்து என்ன? அந்தச் சமயத்தில் சிலோன் என்ற சொல் காதில் விழுந்தாலே வாடகைக்கு விடுகிறவர்களுக்கு முகம் மாறும். "பாக்கலாமுங்க, மச்சாண்டாருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க" என்று மரியாதை குறையாமல் கதவைச் சாத்துவார்கள்.

புத்தகம்தான் அவருக்கு எல்லாம். கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கி எடுப்பார். எல்லாம் தொழில் தொடங்கிப் பெரிய ஆளானவர்களின் கதை. ஒரு பெட்டியோடு வேறு தேசத்துக்குப் போனவர், மொழி தெரியாமல் தடுமாறியவர், கார் ஷெட்டில் ஆரம்பித்துக் கம்பெனி கட்டியவர். பஸ் வருகிறவரை எனக்குத் தமிழில் சொல்லுவார். நல்லாத்தான் சொல்லுவார். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏனுங்க அக்கா, அந்த ஆளுக்குக் கார் ஷெட்டு யாருங்க குடுத்தது?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"சிநேகிதரோட வீடு."

"காசு?"

"சிநேகிதரோட மாமனார் போட்டாரு."

"அட போங்கக்கா! உங்களுக்கு ஷெட்டுப் புடிக்கவே ஏழு வாசப்படி ஏறி எறங்குனீங்க. அவன் புஸ்தகத்துல உங்களுக்கு என்ன இருக்குதுங்க?"

சிரிப்பார். "தங்கச்சி, அவங்க விழுந்த இடத்த மட்டும் படிக்கணும். எழும்பின இடத்தப் படிச்சா நமக்குக் கோவந்தான் வரும்" என்பார்.

அதுதான் அவருடைய குணம். எங்கே அடிபட்டாலும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "கத்துக்கிட்டேன்" என்பார். வங்கி மேனேஜர், கடனுக்குப் போனவரை உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்துக் கொடுத்து, "வீட்டுக்காரரு வரலீங்களா?" என்று கேட்டாராம். கல்யாணம் ஆகவில்லை என்றதும், "அப்ப அப்பா, அண்ணன்னு ஆராச்சும்?" என்றாராம். வந்து என்னிடம், "அடுத்த தடவை பெட்டிய ஓட்டிக் காட்டிட்டுத்தான் பேச்ச ஆரம்பிக்கணும். கத்துக்கிட்டேன்" என்கிறார்.

"நீங்க கத்துக்கிட்டீங்க, சரி. அந்த மேனேஜரு என்னத்தக் கத்துக்கிட்டான்?"

கூடையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதுதான். தப்புப் பண்ணுகிறவன் ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அவன் பாட்டுக்கு ஏப்பம் விட்டுக்கொண்டு இருப்பான். அடி வாங்குகிறவள்தான் உட்கார்ந்து இதில் என்ன பாடம், அதில் என்ன பாடம் என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் புத்தகம் வேறு போடுகிறார்கள்!

அப்படிப் படித்த ஏதோ ஒரு புத்தகம்தான் அவரைக் காயில் கடைக்கு அனுப்பியது. வாங்குகிறவருக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே போய் நிற்க வேண்டும் என்று அதில் இருந்ததாம். மோட்டார் எரிந்தவன் முதலில் எங்கே போகிறான்? காயில் கட்டுகிற கடைக்கு. அப்படியானால் பெட்டியை அங்கேதான் விற்க வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அக்கா, மோட்டார் எரிஞ்சாத்தானுங்க அவங்க அடுப்பெரியும். அவங்க கையிலயே எரியாத பொட்டியக் குடுத்தா விப்பாங்களா?"

"விக்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் கமிஷன் குடுப்பேன் தானே. விவசாயி படுற கஷ்டத்தத் தினமும் பாக்கிறவங்க, தங்கச்சி. அவங்களுக்கு விளங்காதா?"

விளங்காமல் என்ன? நன்றாகவே விளங்கியது. எங்கள் ஊரில் பெரிய காயில் கடை வைத்திருந்தவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். எனக்கு மாமா முறை. பேச்சில் வெல்லம் வழியும். அக்காவை உட்காரவைத்து, இளநி வெட்டிக் கொடுத்து, "ஜமாய்ச்சுப்போடலாமுங்க அம்மணி" என்று பெட்டிகளை வாங்கிச் சுவரில் வரிசையாக மாட்டினார். மாட்டியது மாட்டியபடி தூசி படிந்துகொண்டு இருந்தது. எங்கள் பக்கத்து விவசாயி காயில்காரரைக் கேட்காமல் ஒரு முழம் ஒயர்கூட வாங்க மாட்டார். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைக்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். அப்படிக் கேட்டவர்களிடம் மாமா, "பொட்டி நல்ல பொட்டிதானுங்க. ஆனா சிலோன்காரங்க சமாச்சாரம், நாளைக்கு ஒண்ணுன்னா ஆருகிட்டப் போயி நிப்பீங்க?" என்று சொல்லியிருக்கிறார். பொய்கூடச் சொல்லவில்லை பாருங்கள், அதுதான் சாமர்த்தியம்.

ஆனாலும் ஒருவர் வாங்கினார். கிழக்கே வாழை போட்டிருந்த ஒரு விவசாயி, எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. அக்காவே போய் மாட்டிக் கொடுத்தார். இரண்டு மாசம் ஒரு குறையும் இல்லை. நடுவில் குழாய் ஓட்டை என்று மோட்டாரைத் தூக்கி, மாமாவின் ஆட்கள் சரிபண்ணி மறுபடி இறக்கினார்கள். அதற்கப்புறம் ஒரு நாள் மோட்டார் எரிந்துபோனது. வாழை குலை தள்ளுகிற நேரம்.

அந்த விவசாயி எங்கள் கடைக்கு வந்து நின்றார். சத்தம் போடவில்லை, எங்கள் ஆட்கள் சத்தம் போட மாட்டார்களே. "அம்மணி, உங்க பேச்ச நம்பித்தானுங்க மாட்டுனேன். இப்பத் தோட்டமே காயுதுங்க" என்றார். அதற்குள் சந்தைக்கடை முழுக்க, சிலோன் பெட்டி மோட்டாரை எரித்துவிட்டது என்று பேச்சு ஓடிவிட்டது.

நான் ஃபோன் போட்டேன். அக்கா அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். அவரும் நானும் வீட்டுக்காரரும் தோட்டத்துக்குப் போனோம். மாமா முன்னாலேயே வந்து வாழை நிழலில் நின்றுகொண்டிருந்தார். கூட்டுறவு சொசைட்டித் தலைவரும் வந்திருந்தார், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் இருந்தார்கள். அக்கா மோட்டார் ரூமுக்குள் போய் போர்டைத் திறந்தார். திறந்ததும் எல்லார் கண்ணிலும் பட்டது. ஒரு புது ஒயர், ஸ்டார்ட்டரிலிருந்து நேராக மோட்டாருக்கு. பெட்டியைச் சும்மா சுவரில் தொங்கவிட்டு, கரண்டை அதைச் சுற்றி டைரக்டாகக் கொடுத்திருந்தார்கள்.

"இந்த ஒயர் நான் போட்டது இல்ல. யாரு போட்டது?" என்று கேட்டார்.

மாமா வாழைக் குலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். கடைசியாக அந்த மோட்டாரில் கை வைத்தது யார் என்று அங்கே நின்ற கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும்.

சொசைட்டித் தலைவர்தான் தொண்டையைக் கனைத்தார். "உடுங்க அம்மணி. ஆரு போட்டா என்னுங்க, ஆனது ஆயிப்போச்சு. ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு நாளைக்கும் பாக்கோணுமல்லங்க? நீங்க ஒண்ணு பண்ணுங்க. பொட்டியில ஏதோ சின்னக் கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. காயில இவரு சும்மாவே கட்டிக் குடுத்துருவாரு. அதுக்கப்பறம் இந்தச் சுத்துவட்டாரத்துல இருக்கற போருக்கெல்லாம் உங்க பொட்டிய மாட்டச் சொல்றது என்ற பொறுப்பு."

மாமாவும், "அண்ணன் சொன்னாச் செரிதானுங்க" என்றார்.

எவ்வளவு நாசூக்கு! களவு கொடுத்தவளைக் கூப்பிட்டு, களவாணிக்கு மனசு நோகாமல் நடந்துகொள் என்கிற நாசூக்கு. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஷெட்டில் விற்காமல் கிடந்த பெட்டி முழுக்க விற்றுப்போகும். வேலைக்கு வைத்திருந்த இரண்டு பெண்பிள்ளைகளை நிறுத்த வேண்டியிருக்காது. முடியாது என்றால் அன்னூரில் இனிமேல் ஒரு பெட்டி ஓடாது. அக்கா வழக்கம்போலக் 'கத்துக்கிட்டேன்' என்று தலையாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஏலாதுங்க ஐயா" என்றார். குரல் உயரவே இல்லை. "பெட்டியில கோளாறு இல்ல. இருக்குன்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு இந்தப் பெட்டி ஒரு மோட்டார நிப்பாட்டுறப்ப எல்லாரும் கோளாறுன்னுதான் நினைப்பாங்க. அவங்களே ஒயரப் போட்டு ஓட்டுவாங்க, எரியும். என் வாயால அதச் சொல்ல ஏலாது."

தலைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் முதலில் சொன்னேன். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். "சிலோன்காரம்மா ரொம்ப ரூலு பேசறாங்கோ" என்றார் ஒருவர்.

என்னால் முடியவில்லை. "மாமா, உங்க ஆளுங்க போட்ட ஒயருதானுங்களே அது? வாயத் தொறந்து சொன்னா என்னுங்க?" என்று கேட்டுவிட்டேன்.

ஊரில் கொலை விழுந்ததைப் போல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒயர் போட்டது தப்பில்லை, அதை நான் சபையில் கேட்டதுதான் தப்பு. அதற்கப்புறம் காயில் கடைகள் எங்களிடம் ஒயர் வாங்குவதை நிறுத்தின. மாமா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து தட்டில் வைத்துக் கொடுக்காமல், நாலு வீடு தள்ளி இருக்கிற எங்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. போகட்டும், நான் கேட்டது கேட்டதுதான்.

அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் அக்கா என்னைக் கடிந்துகொண்டார். "நான் பஸ் ஏறிப் போயிருவேன் தங்கச்சி. நீங்க இங்கதானே இருக்கணும்? பேசாம இருந்திருக்கலாம் தானே?"

"நீங்களும் பேசாம இருங்க, நானும் பேசாம இருக்கறேன். அப்பறம் பேசறதுக்கு ஆளே இல்லாமப் போகுட்டும்!" என்று எரிந்து விழுந்தேன். நான் யார்மேல் எரிந்து விழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு வருஷம் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. தருமபுரிப் பக்கம் கொஞ்சம் விற்கிறது என்று ஃபோனில் சொல்லுவார். அப்புறம் பார்த்தால், மாமா கடைச் சுவரில் புதுப் பெட்டி. பச்சைப் பெயின்ட், மேலே அவர் கடைப் பெயர். தோட்டத்துத் தகராறுக்குப் பிறகு அக்காவின் பெட்டிகளைத் திருப்பித் தரும்போது ஒன்றைக் கழற்றிப் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே பெட்டி, அதே வேலை, ஆனால் இது சுடச்சுட விற்றது. "நம்ம ஆளு பண்ணுனதுங்க அம்மணி, நம்பி மாட்டலாமுங்க" என்று வாங்கினவர்கள் என்னிடமே வந்து சொன்னார்கள். என் கூடப்பிறந்த தம்பி ஒன்று வாங்கி மாட்டியிருந்தான். அவனை நான் கேட்ட கேள்வியை அச்சில் போட முடியாது.

அந்தப் பெட்டி ஒன்றை அக்காவுக்கு வாங்கி வைத்திருந்தேன். ஃபோனில் சொன்னதும் வந்தார், எங்கள் கல்லா மேசைமேல் வைத்துத் திறந்தார். நகலடித்ததற்கு வருத்தப்படுவார் என்று காத்திருந்தேன். இல்லை. உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு முகம் சிவந்து போனது.

"தங்கச்சி, இதுல பாதி இல்ல! தண்ணி தீர்ந்தா நிக்கும். பேஸ் போனா நிக்காது. அந்தப் பகுதிய வேணும்னே விட்டிருக்கான்!"

காயில் கடை பிழைக்க வேண்டுமே. எரிகிற மோட்டாரில் பாதியாவது எரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார் மாமா.

அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டினார். பின்னாலேயே நானும் ஓடினேன். மாமா கடையில் கூட்டம். "இத ஓட்டிக் காட்டலாமா?" என்றார் அக்கா. நாலு பேர் முன்னால் முடியாது என்று சொல்லி மாமாவுக்குப் பழக்கமில்லை. "அதுக்கென்னுங்க" என்றார், வேர்த்துக்கொண்டே. டெஸ்டிங் மேசையில் இருந்த மோட்டாரில் பச்சைப் பெட்டியை மாட்டி ஓடவிட்டு, அக்கா பீஸ் கட்டையைப் பிடுங்கினார். மோட்டார் நிற்கவில்லை. உறுமியது. கருகல் வாடை வந்தது. மாமா பாய்ந்து மெயினை நிறுத்தினார்.

தன் பெட்டியை எடுத்து மாட்டினார். மறுபடி கட்டையைப் பிடுங்கினார். மோட்டார் நின்றது.

"திருடுனா முழுசாத் திருட வேணாமா?" என்று கத்தினார். அவர் கத்தி அன்றுதான் கேட்டேன். "இத மாட்டிக்கிட்டு நிம்மதியாத் தூங்கப்போறவங்க இவங்கதானே!"

கூட்டத்தில் அந்த வாழைத் தோட்டக்காரரும் நின்றிருந்தார், பச்சைப் பெட்டி வாங்க வந்தவர். மெல்ல முன்னால் வந்து, அக்காவின் பெட்டியைத் தடவிப் பார்த்து, "அம்மணி, இது ஒண்ணு எனக்குத் தர்றீங்களா?" என்றார். மாமாவின் முகம் செத்துப்போனது. அடேயப்பா, வந்ததடா நேரம் என்று எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

அக்கா பெட்டியைக் கொடுக்கவில்லை.

"தாரேன். அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க ஐயா. அன்னைக்கு உங்க தோட்டத்துல என்னோட பெட்டியில கோளாறு இல்ல. அத இங்க, இவங்க முன்னால சொல்லுங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்காதவர். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க அம்மணி... பழைய கதை..." என்று பல்லைக் காட்டினார்.

அக்கா பெட்டியைக் கழற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "வியாபாரம் பண்ணத் தெரியாத பொம்பள" என்று யாரோ சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது. அந்த மனுஷர் பச்சைப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார் என்று அப்புறம் தெரிந்தது.

பஸ் வருகிறவரை இரண்டு பேரும் நின்றோம். அவர் புத்தகத்தை எடுக்கவில்லை.

"வித்திருக்கலாமேக்கா. ஒருத்தரு மாட்டுனா நாலு பேரு வந்திருப்பாங்க" என்றேன், மனசு கேட்காமல்.

"வித்திருக்கலாம்" என்றார். பஸ் வந்து நின்றது. கூடையை மேலே ஏற்றிக் கொடுத்தேன். படியில் ஏறியவர் திரும்பினார். கண் நிறைந்திருந்தது.

"அவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தானே, தங்கச்சி? அன்னைக்கு அந்த ஒயர எல்லாரும் பாத்தாங்க தானே?"

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.